தப்பை எப்போது சொல்வது?

ஒரே ஒரு வரி. அது இரண்டு தடவை விழுந்துவிட்டது. அவ்வளவுதான்!

அதனால் கோடிக்கணக்கான ஐபோன்களில் ஒரு கதவு திறந்தே கிடந்தது.

2014-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந்தேதி ஆப்பிள் கம்பெனி அவசரம் அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. நான்கு நாள் கழித்து மாக் கம்ப்யூட்டர்களுக்கும் திருத்தம் வந்தது. ஆனால் தப்பு அந்த மாதம் முளைத்தது அல்ல. 2012-ல் வந்த ஐபோன் மென்பொருளிலேயே அது இருந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு திருத்தப்படாமல் கிடந்தது.

அது என்ன தப்பு?

போனில் ஒருவர் தம் பாங்கிக் கணக்கைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் இருப்பது உண்மையான பாங்கிதானா? அல்லது பாங்கி வேடம் போட்ட திருடனா? அதைப் போன் முதலில் சோதிக்கும். சான்றுச் சீட்டைக் கேட்கும். அதில் உள்ள கையெழுத்தைச் சரிபார்க்கும். எல்லாம் சரி என்றால்தான் பேச்சைத் தொடங்கும்.

இந்தச் சோதனை பல படிகளாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு படியிலும் "கோளாறு இருந்தால், வெளியே போ" என்று ஒரு கட்டளை. "வெளியே போ" என்பதற்கு அந்தப் புரோகிராமில் இருந்த வரி, "கோ டு ஃபெயில்".

ஓர் இடத்தில் இந்த "வெளியே போ" இரண்டு தடவை வந்துவிட்டது. ஒன்றின் கீழ் ஒன்று.

முதல் வரி, "கோளாறு இருந்தால்" என்பதோடு சேர்ந்தது. இரண்டாவது வரி? அது யாரோடும் சேராதது! ஆகவே கம்ப்யூட்டர் என்ன செய்தது? கோளாறு இருந்தாலும் வெளியே போயிற்று. இல்லாவிட்டாலும் வெளியே போயிற்று. கையெழுத்தைச் சரிபார்க்கும் கடைசிச் சோதனை அதற்குக் கீழேதான் இருந்தது. அங்கே போகவே இல்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வெளியே போகும்போது அதன் கையில் "இதுவரை கோளாறு இல்லை" என்ற சீட்டு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போன், "எல்லாம் சரி" என்று நம்பிவிட்டது!

விமான நிலையத்திலோ ஓட்டலிலோ பொது வை-ஃபையில் ஒரு திருடன் நடுவே உட்கார்ந்தால் போதும். போன் அவனையே பாங்கி என்று நினைத்துக்கொள்ளும்.

அந்த இரண்டு வரிகளும் ஒரே சீராக, ஒரே அளவு உள்ளே தள்ளி, பார்ப்பதற்கு அழகாக இருந்தன. மனிதனுடைய கண் அந்த அழகில் ஏமாந்துவிடும். இயந்திரத்தின் கண் ஏமாறாது. "இந்த வரிக்குக் கீழே உள்ள வரிகளுக்குப் போக வழியே இல்லையே!" என்று ஒரு நொடியில் சொல்லிவிடும்.

சொல்லக்கூடிய கருவி அப்போதே இருந்தது. ஆனால் தானாகச் சொல்லாது. தனியாகக் கேட்டால்தான் சொல்லும். "எல்லா எச்சரிக்கையும் கொடு" என்று பெயர் வைத்த ஒரு விசை கிளாங் கம்பைலரில் உண்டு. அந்த "எல்லாம்" என்பதில் இந்த எச்சரிக்கை சேர்ந்தது அல்ல!

பஞ்சு பொறுக்கும் கருவி

கருவி இருக்கிறது. அது பேச வேண்டிய நேரத்தில் பேசுவது இல்லை. பேசினாலும் கேட்கிறவர் இருக்கும் இடத்தில் பேசுவது இல்லை. கம்ப்யூட்டர் உலகின் பெரிய குறைகளில் இது ஒன்று.

இந்தக் கருவிகளுக்கு "லிண்ட்" என்று பெயர். அது நேற்று வந்தது அல்ல. 1978-ல் வந்தது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் பெல் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. யூனிக்ஸ் பிறந்த இடம். சி மொழி பிறந்த இடம். அங்கே வேலை பார்த்தவர் ஸ்டீபன் ஜான்சன். அவர்தான் இதை எழுதினார். மறு ஆண்டு யூனிக்சின் 7-வது பதிப்போடு அது வெளி உலகத்துக்கு வந்தது.

"லிண்ட்" என்றால் துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துணுக்கு. கறுப்புத் துணியைத் துவைத்து உலர்த்தினால் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு இருக்குமே, அதுதான். அதைப் பொறுக்கி எடுப்பதுபோலப் புரோகிராமில் உள்ள சின்னச் சின்னத் தப்புகளைப் பொறுக்குகிறது. ஆகவே அந்தப் பெயர்.

"அந்த வேலையைக் கம்பைலர் செய்யாதா?" என்று கேட்கலாம்.

கம்பைலர் என்பது, புரோகிராமர் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது. அதற்கு அவசரம் அதிகம். இலக்கணம் சரியாக இருந்தால் மாற்றிக் கொடுத்துவிடும். "முருகன் நேற்று வருவான்" என்று ஒருவர் எழுதினால் அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா? இல்லை. ஆனால் பொருள் இடிக்கிறது அல்லவா? லிண்ட் இந்த இடியைத்தான் பார்க்கும். பெயர் வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டது, மதிப்புக் கொடுக்கும் முன்பே எடுத்துப் பயன்படுத்தியது, போக முடியாத இடத்தில் எழுதிய வரி, இப்படி எல்லாவற்றையும் நிதானமாகத் தேடிச் சொல்லும்.

இன்று ஏறக்குறைய ஒவ்வொரு மொழிக்கும் இப்படி ஒரு லிண்டர் உண்டு. பைத்தானுக்குப் பைலிண்ட் 2003-ல் வந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈ.எஸ்.லிண்ட் 2013-ல் வந்தது.

கருவிக்குப் பஞ்சம் இல்லை.

3,954 பார்த்தார்கள், 640 திருத்தினார்கள்!

கூகிள் கம்பெனியில் 2009-ம் ஆண்டு மே மாதம் ஒரு வாரம் ஒதுக்கினார்கள். நூற்றுக்கணக்கான எஞ்சினீயர்கள் உட்கார்ந்தார்கள். ஜாவா மொழிக்கான "ஃபைண்ட்பக்ஸ்" என்ற கருவி கொடுத்த எச்சரிக்கைகளைப் பார்ப்பதுதான் வேலை.

மொத்தம் 9,473 எச்சரிக்கைகள். அதில் 3,954-ஐப் பார்த்தார்கள். எத்தனை திருத்தப்பட்டன? 640!

நூற்றுக்கு 16.

உலகில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். ஒரு வாரம் முழுவதும் இதற்கே ஒதுக்கினார்கள். அப்படியும் 16 தான்.

பேஸ்புக்கில் நடந்தது இன்னும் விசேஷம். அங்கே "இன்ஃபர்" என்ற கருவியை வைத்திருந்தார்கள். எழுதி முடித்துச் சேர்த்துவிட்ட புரோகிராம்களை அது சோதித்தது. தப்புகளைப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் இருந்து 20, 30 தப்புகளை எடுத்து, உரியவர்களுக்கு அனுப்பினார்கள்.

பதில்? ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. திருத்தியவர்கள் பூஜ்யத்துக்குப் பக்கம்.

பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். கருவியை மாற்றவில்லை. விதிகளை மாற்றவில்லை. சொல்லும் நேரத்தை மட்டும் மாற்றினார்கள். ஒருவர் புதிதாக எழுதியதைப் பொதுப் புரோகிராமில் சேர்ப்பதற்கு முன்னால் மற்றவர்கள் பார்த்து ஒப்புதல் கொடுப்பார்கள் அல்லவா? அந்த இடத்தில் கருவியைப் பேச வைத்தார்கள்.

திருத்தம் நூற்றுக்கு 70-ஐத் தாண்டிவிட்டது!

அதே கருவி. அதே ஆட்கள். 2019-ல் அவர்களே இதை எழுதி வெளியிட்டார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சாம்பார் கொதிக்கும்போது "உப்பு குறைவு" என்று சொன்னால் ஒரு சிட்டிகை போட்டுவிடலாம். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னால் சண்டைதான் வரும். புரோகிராமர் எழுதும்போது அந்தக் கணக்கு முழுவதும் அவர் தலையில் இருக்கிறது. மூன்று வாரம் கழித்துச் சொன்னால், "நான் ஏன் இப்படி எழுதினேன்?" என்று அவர் முதலில் இருந்து யோசிக்க வேண்டும். அதற்குள் வேறு வேலை வந்து தலையில் உட்கார்ந்திருக்கும்.

ஒப்புதலுக்கு வரும் இடத்தில் சொன்னதற்கே இவ்வளவு பலன். எழுதிக்கொண்டு இருக்கும் அந்த நிமிடத்தில், எழுதும் அந்த வரியிலேயே சொன்னால்?

அப்படியானால் லிண்டர் குடியிருக்க வேண்டிய இடம் எது? எடிட்டர்!

எடிட்டர் சண்டை

எடிட்டர் என்றதும் பத்திரிகை ஆசிரியரை நினைக்க வேண்டாம். புரோகிராமர் தம் புரோகிராமை எழுதும் மென்பொருளுக்கு எடிட்டர் என்று பெயர்.

இதில் பல கட்சிகள் உண்டு. வி-ஐ, ஈமேக்ஸ் இரண்டும் 1976-ல் பிறந்தவை. வி-ஐ வழியில் 1991-ல் விம் வந்தது. 2015-ல் மைக்ரோசாப்ட் வி.எஸ்.கோடு என்ற எடிட்டரை அறிவித்தது. ஈமேக்ஸ் பெரிதா, விம் பெரிதா என்ற வழக்கு பல ஆண்டுகளாக நடக்கிறது. தீர்ப்பு வந்தபாடு இல்லை. வரப்போவதும் இல்லை.

ஒவ்வொரு எடிட்டருக்குள்ளும் லிண்டரைக் கொண்டுவந்து சேர்ப்பது சாமானியமான வேலையாக இருக்கவில்லை. விம் எடிட்டருக்குச் "சிண்டாஸ்டிக்" என்று ஓர் இணைப்பு உண்டு. புரோகிராமர் ஃபைலைச் சேமித்தால் போதும், அது லிண்டரை ஓட விடும். லிண்டர் முடிக்கும்வரை எடிட்டர் அப்படியே நிற்கும்! ஓர் எழுத்தைக்கூட அடிக்க முடியாது. பெரிய ஃபைலாக இருந்தால் பொறுமை போய்விடும். பொறுமை போனவர் என்ன செய்வார்? இணைப்பைக் கழற்றி எறிவார். 2016 செப்டம்பரில் விம் 8 வந்தது. லிண்டர் பின்னால் ஓட, எழுதுகிறவர் முன்னால் எழுதிக்கொண்டே போகலாம் என்ற வசதி அதில் கிடைத்தது.

இன்னொரு தொல்லை, கணக்குத் தொல்லை. 10 மொழிகள் இருக்கின்றன. 8 எடிட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மொழியின் கருவியையும் ஒவ்வோர் எடிட்டரோடும் இணைக்க எத்தனை பாலம் கட்டவேண்டும்? 80!

இதற்கு 2016 ஜூனில் ஒரு வழி பிறந்தது. மைக்ரோசாப்ட், ரெட் ஹாட், கோடென்வி என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொதுப் பேச்சுமுறையை அறிவித்தன. "எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து, தப்பா, எச்சரிக்கையா, என்ன செய்தி" என்பதைக் கருவி ஒரே பாணியில் சொல்லும். எந்த எடிட்டராக இருந்தாலும் அதைப் புரிந்துகொண்டு சிவப்புக் கோடோ மஞ்சள் கோடோ போடும். 80 பாலம் வேண்டாம். கருவிக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்று, மொத்தம் 18 போதும்.

விசேஷம் என்ன என்றால், போட்டி எடிட்டர்களும் இதை ஏற்றுக்கொண்டன. விம் வழியில் வந்த நியோவிம் 2021-ல் இதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. ஈமேக்ஸ் 2023-ல் வைத்துக்கொண்டது.

கட்டாயம் வேண்டாம்

இவ்வளவு வசதி வந்த பிறகும் சில அலுவலகங்களில் ஒரு கட்டளை போடுகிறார்கள்.

"எல்லாரும் இந்த எடிட்டரில்தான் எழுத வேண்டும்!"

ஏன்? லிண்டரை ஒரே இடத்தில் அமைத்துவிட்டால் நிர்வாகத்துக்குச் சுலபமாம்.

இது வேண்டாத கட்டளை. 20 ஆண்டு ஒரே எடிட்டரில் எழுதியவருக்குக் கை தானாக ஓடும். அந்தக் கையைக் கட்டிப்போட்டுவிட்டு "வேகமாக எழுது" என்றால் எப்படி?

கையாவது பழகிவிடும். பழக முடியாதவர்களும் இருக்கிறார்கள். டி.வி.ராமன் என்ற இந்தியர் ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி. பார்வை இல்லாதவர். ஈமேக்ஸ் எடிட்டரில் இருப்பதைக் குரலாகப் பேசும் "ஈமேக்ஸ்பீக்" என்ற மென்பொருளை அவர் உருவாக்கினார். 1995-ல் அது வெளிவந்தது. பார்வை இல்லாத புரோகிராமர் ஒருவர் அதை வைத்து வேலை செய்கிறார் என்றால், "நாளை முதல் வேறு எடிட்டர்" என்று சொல்வதற்கு என்ன பொருள்? "நாளை முதல் நீ வராதே" என்பதுதானே?

எடிட்டர் அவரவர் விருப்பம். சட்டம் எல்லாருக்கும் ஒன்று. இப்படித்தான் இருக்க வேண்டும்.

சட்டத்தை எங்கே வைப்பது? அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "இந்த விதி வேண்டும், அந்த விதி வேண்டாம்" என்று தம் எடிட்டரின் அமைப்புகளில் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அது அவர் மேஜையில் மட்டும் செல்லும். பக்கத்து மேஜைக்காரருக்கு வேறு சட்டம்! ஒருவருக்குச் சரி என்பது மற்றவருக்குத் தப்பு. தினமும் வாக்குவாதம்.

விதிகளை ஒரு தனி ஃபைலில் எழுதி, புரோகிராம் இருக்கும் அதே போல்டரில் வைத்துவிட வேண்டும். புரோகிராம் எங்கே போகிறதோ அங்கே சட்டமும் கூடப் போகும். ஈமேக்ஸ்காரர் திறந்தாலும் அதே விதி. விம்காரர் திறந்தாலும் அதே விதி. திங்கட்கிழமை புதிதாக வேலைக்கு வரும் பையனும் முதல் நாளே அதே விதிப்படி எழுதுவான்.

லிண்டரின் பதிப்பு எண்ணையும் அந்தப் போல்டரிலேயே குறித்து வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு அவதிப்படுகிறவர்கள் ஏராளம். எடிட்டரில் பழைய பதிப்பு ஓடுகிறது, கடைசிச் சோதனையில் புதிய பதிப்பு ஓடுகிறது என்றால் என்ன ஆகும்? மேஜையில் "தப்பே இல்லை" என்று வந்தது, வாசலில் "17 தப்பு" என்று திரும்பி வரும். மாலை 6 மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்டவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான்.

கடைசிச் சோதனை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். எடிட்டரில் வந்த சிவப்புக் கோட்டைப் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு. லிண்டரையே அணைத்து வைக்கிறவர்களும் உண்டு. ஆகவே பொதுப் புரோகிராமில் சேரும் வாசலில் அதே கருவி, அதே விதியோடு நிற்க வேண்டும். எடிட்டரில் சொல்வது உதவி. வாசலில் நிற்பது காவல்.

நச்சரிப்பு ஆகாது

இந்தக் கருவிகளைப் பற்றிப் புரோகிராமர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "எப்போது பார்த்தாலும் நச்சரிக்கிறது!"

இதில் நியாயம் இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2002-ல் டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்பவர் ஜே.எஸ்.லிண்ட் என்ற கருவியைக் கொடுத்தார். நல்ல கருவி. ஆனால் பிடிவாதம் அதிகம். எது அழகு, எது அழகு இல்லை என்பதில் அவர் கருத்துத்தான் சட்டம். மாற்றிக்கொள்ள இடம் குறைவு. 2011-ல் அதில் இருந்து பிரிந்து, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ஜே.எஸ்.ஹிண்ட் வந்தது. 2013-ல் நிக்கோலஸ் ஜாக்கஸ் என்பவர், "எந்த விதி வேண்டும் என்பதை உபயோகிக்கிறவரே முடிவு செய்யட்டும், புது விதி வேண்டும் என்றால் அவரே எழுதிச் சேர்த்துக்கொள்ளட்டும்" என்ற எண்ணத்தோடு ஈ.எஸ்.லிண்டைத் தொடங்கினார். வென்றது எது? விட்டுக்கொடுத்த ஈ.எஸ்.லிண்டுதான்.

கூகிளில் பிற்பாடு ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் பக்கத்தில் "பயன் இல்லை" என்று ஒரு பொத்தான். வேண்டாத எச்சரிக்கை வந்தால் அதை அழுத்தலாம். அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல், நூற்றுக்குப் 10-க்குக் கீழ். எச்சரிக்கை உண்மையாகவே இருந்தாலும், அதைப் பார்த்தவர் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் அதுவும் வீண் எச்சரிக்கைதான் என்று கணக்கு வைத்தார்கள்! கருவியை எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது கணக்கு இல்லை. உபயோகிக்கிறவர் என்ன செய்தார் என்பதுதான் கணக்கு. மற்ற அலுவலகங்களும் இதைப் பின்பற்றலாம்.

அடைப்புக்குறி எங்கே, இடைவெளி எத்தனை என்பது போன்ற விஷயங்களை லிண்டர் வாயால் சொல்லவே கூடாது. அதற்குத் தனிக் கருவிகள் வந்துவிட்டன. கோ மொழியில் "கோஃபம்ட்" இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்குப் "பிரிட்டியர்" இருக்கிறது. அவை தாமாகவே வரிகளை ஒழுங்குபடுத்திவிடும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியது இல்லை. ஈ.எஸ்.லிண்டுகூட 2023-ல் இந்த அழகு விதிகளைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது.

பழைய புரோகிராமில் புதிதாக லிண்டரைப் புகுத்தும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். முதல் நாளே ஆயிரக்கணக்கான கோடுகள் போட்டால் எடிட்டர் முழுவதும் மஞ்சள் பூசியதுபோல் ஆகிவிடும். அதற்கு நடுவே ஒரு நிஜமான ஆபத்து இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? புதிதாக எழுதும் வரிகளை மட்டும் முதலில் சோதித்தால் போதும். பழையதை மெல்ல மெல்லப் பார்க்கலாம்.

காவல்காரன் வீட்டில் திருட்டு

"எந்த லிண்டர் கிடைத்தாலும் எடிட்டரில் சேர்த்துவிடலாமா?"

கூடாது!

2018-ம் ஆண்டு ஜூலை 12-ந்தேதி ஒரு திருட்டு நடந்தது. ஈ.எஸ்.லிண்ட் குடும்பத்தைச் சேர்ந்த "ஈ.எஸ்.லிண்ட் ஸ்கோப்" என்ற பகுதியின் புதுப் பதிப்பு, 3.7.2, வெளியாயிற்று. அதை வெளியிட்டது உரியவர் அல்ல. திருடன்! பராமரிப்பாளர் ஒருவரின் கணக்குக்குள் அவன் புகுந்துவிட்டான். அவர் ஒரே கடவுச்சொல்லை வேறு இடத்திலும் வைத்திருந்தார். அந்த வழியாக வந்தான். அந்தப் பதிப்பை யார் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும், மென்பொருள் வெளியிடுவதற்கு அவர்கள் வைத்திருந்த சாவி திருடனுக்குப் போகும். அன்றைக்கே கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள்.

லிண்டரும் ஒரு புரோகிராம்தான். ஈ.எஸ்.லிண்டின் விதி ஃபைலே ஒரு புரோகிராமாக இருக்க முடியும். முன்பின் தெரியாதவர் கொடுத்த போல்டரைத் திறந்ததும், "சோதிக்கிறேன்" என்று சொல்லி எடிட்டர் அதை ஓடவிட்டால் என்ன ஆகும்? அதற்காகத்தான் வி.எஸ்.கோடு 2021-ல் ஒரு கேள்வியைச் சேர்த்தது. புதுப் போல்டரைத் திறந்தால், "இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா?" என்று கேட்கும். பலர் படிக்காமலே "ஆம்" என்று அழுத்திவிடுகிறார்கள். தெரியாதவர் கொடுத்த போல்டர் என்றால் "இல்லை" என்று அழுத்துவதுதான் சரி. "இல்லை" என்றாலும் படித்துப் பார்க்கலாம். லிண்டர் மட்டும் ஓடாது.

படிக்கிற பிள்ளைகளுக்கு

இப்போது பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் புரோகிராம் எழுதக் கற்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் எடிட்டரைத் திறக்கிறார்கள். பாதி வார்த்தை அடிப்பதற்குள் சிவப்புக் கோடு! மீதி வார்த்தையை அடித்ததும் கோடு போய்விடுகிறது. அடுத்த வார்த்தைக்கு மறுபடியும் கோடு! "நமக்கு இது வராது போலிருக்கிறது" என்று பிள்ளை பயந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் "எவ்வளவு தப்பு!" என்கிறார். அது தப்பே இல்லை. எழுதி முடிக்காத வார்த்தை, அவ்வளவுதான்.

தப்பைச் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பதற்காக, வாயில் இருந்து சொல் வருவதற்கு முன்பே சொன்னால் எப்படி? ஈமேக்சில் உள்ள "ஃபிளைசெக்" இந்த விஷயத்தில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. கை நின்று அரை நொடி ஆன பிறகுதான் சோதிக்கத் தொடங்கும்.

வி.எஸ்.கோடில் ஈ.எஸ்.லிண்டைச் சேர்க்கும்போது, எப்போது சோதிக்க வேண்டும் என்று இரண்டு வழி கொடுக்கிறார்கள். ஒன்று "ஆன் டைப்". அடிக்க அடிக்கச் சோதிக்கும். இன்னொன்று "ஆன் சேவ்". சேமித்த பிறகு சோதிக்கும். கேட்காவிட்டால் முதல் வழியைத்தான் எடுத்துக்கொள்ளும். புதிதாகக் கற்கிற பிள்ளையின் கம்ப்யூட்டரில் அதை "ஆன் சேவ்" என்று மாற்றி வைத்துவிடுங்கள். பிள்ளை நான்கு வரி எழுதி, தானே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, பிறகு சேமிக்கட்டும். அதற்குப் பிறகு வரும் கோட்டைப் பார்த்து "இது ஏன்?" என்று கேட்கும்.